கல்லேறி என்பதற்கான காயம்

செம்பாறைக் கோட்டாட்சியர் ஆபீசில் சாதிச் சான்றிதழ் கேட்டுக் கையெழுத்துப் போட்டவர்களின் உடம்பில் அவரவர் முன்னோர் பட்ட காயங்கள் திறக்கத் தொடங்கிய வருஷத்தில்தான் வெள்ளச்சியின் மகள் மேகலாவுக்கு மதுரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. இந்த இரண்டில் எது பெரிய அதிசயம் என்று கேட்டால் மலையடிவாரத்துக் கல்லேறிக் குடியிருப்பில் ஒருவரும் காயத்தைச் சொல்ல மாட்டார்கள். காயம் அவர்களுக்குப் பழக்கம். பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய பெண்பிள்ளைதான் புதுசு.

முதல் காயம் ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை திறந்தது. குளத்துக்கு அந்தப்பக்கத்துக் காலனியிலிருந்து வந்த பையன் ஒருவன், மேற்கண்ட விவரங்கள் உண்மை என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடுவதற்குள் அவன் முதுகு கொப்புளித்தது. சட்டை பற்றவில்லை, தோல் மட்டும் வெந்தது. வைக்கோல் எரிகிற வாசனை ரிக்கார்டு ரூம் வரைக்கும் போனது. அவன் தாத்தா காலத்தில் அந்தக் காலனியைக் கொளுத்தியவர்கள் யார் யார் என்று ஊருக்கே தெரியும் என்பதால் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. குடத்துத் தண்ணீரை ஊற்றி அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அவனுக்குப் பின்னால் நின்றவர் ஒரு எட்டு முன்னால் நகர்ந்து, "நம்ம வேலை முடியுமா சார், பஸ்ஸுக்குப் போகணும்" என்று கேட்டார்.

அவர் கையெழுத்துப் போட்டதும் அவருடைய கட்டைவிரல் தனியே கழன்று மேஜையில் விழுந்தது. மறுநாள் ஒரு பெண்ணின் முதுகில் சாட்டைத் தழும்புகள் பச்சையாக எழும்பின. அதற்கு அடுத்த நாள் ஒருவனுடைய பற்கள், அதற்கடுத்து இன்னொருத்தியின் காது என்று ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போக, வெள்ளிக்கிழமைக்குள் ஆபீஸ்காரர்கள் தரையில் தார்ப்பாய் விரித்து, பினாயில் வாளியை வாசலில் வைத்து, ரத்தம் படாத உயரத்துக்கு ஃபைல்களைத் தூக்கி அடுக்கிவிட்டார்கள். எதிர்ச் சாரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் கட்டுத்துணியும் பஞ்சும் வாங்கிப் போட்டார். பெரிய தெருக்காரர்கள் சிலரும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கீறல்கூட வரவில்லை. அதில் அவர்களுக்கு லேசான வருத்தம்கூட இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். எல்லாவற்றிலும் முதலிடம் வாங்கிப் பழகியவர்கள் அல்லவா.

கோட்டாட்சியர் தணிகாசலம் மட்டும் சந்தோஷப்பட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை, கோப்பு நேராக இருந்தால் தூக்கம் வருகிற மனிதர். ஒருவன் தன்னை இன்ன சாதி என்று எழுதிக்கொடுத்தால் அது நிஜம்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி அவரைப் பல வருஷமாகத் தின்றுகொண்டிருந்தது. முகத்தைப் பார்த்தால் தெரியாது, பேச்சை வைத்துச் சொல்ல முடியாது, சாட்சிக்கு வருகிறவனை நம்ப முடியாது. கல்லேறிகள் விஷயத்தில் அவருக்கு முன்னால் இருந்தவர் ஒரு வழி வைத்திருந்தார். பாறை ஏறித் தேன் எடுக்கிற சனம் என்றால் ஏறிக் காட்டு என்று சொல்லி, ஆபீசுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டியின் மேல் பிள்ளைகளை ஏற்றிப் பார்ப்பார். ஒருமுறை ஒரு பையன் தவறி விழுந்து இடுப்பு ஒடிந்தபோது, நிஜக் கல்லேறி விழமாட்டான் என்று எழுதி விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தார்.

இப்போது அந்தச் சங்கடம் ஒழிந்தது. விண்ணப்பதாரரின் உடலில் கையெழுத்தின்போது திறக்கும் காயமே சான்று என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. எந்தச் சனத்துக்கு எந்தக் காயம் என்று படம் போட்ட அட்டவணை ஒன்றைச் சுவரில் மாட்டினார்கள். அதில் கல்லேறிகளுக்கு நேராகத் துப்பாக்கி ரவை பாய்ந்த துளை, தடியால் உடைந்த மண்டை, கயிறு அறுபட்டு விழுந்து ஒடிந்த எலும்பு என்று மூன்று படங்கள் இருந்தன. தணிகாசலம் காயத்தின் அகலத்தை அளக்க ஒரு இரும்பு அளவுகோல் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஆனால் கல்லேறிப் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டால் ஒன்றுமே திறக்கவில்லை.

அதற்குக் காரணம் அவர்களுடைய தாய்மார்கள்தான். கல்லேறிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறந்து தொப்புள்கொடி அறுத்ததும், பாறையில் இறங்குகிற கொடிக்கயிற்றில் ஒரு முழம் வெட்டி, பெற்றவள் தன் இடுப்பில் கட்டிக்கொள்வாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, உன்மேல் விழுவதெல்லாம் என்மேல் விழட்டும் என்று மலையைப் பார்த்து மூன்று தரம் சொல்வாள். பிள்ளைக்குக் கல்யாணமாகும்வரை கயிறு அவள் இடுப்பிலேயே கிடக்கும். காய்ச்சலுக்கும் பாம்புக்கும் பயந்து ஆதிகாலத்தில் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். கவர்மெண்டு காகிதத்துக்கும் அது செல்லும் என்று பாவம் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எனவே உள்ளே பிள்ளை கையெழுத்துப் போட, வெளியே வாசல் மரத்தடியில் காத்திருக்கிற தாய் சரிந்து விழுந்தாள். ஒருத்திக்கு மண்டை பிளந்தது. இன்னொருத்திக்கு இரண்டு தொடையெலும்பும் உட்கார்ந்த இடத்திலேயே ஒடிந்தன. மாடத்தி என்பவள் தன் மகனை மூன்று தடவை உள்ளே அனுப்பி, மூன்று தடவையும் மண்டை உடைந்து, மூன்றாம் தடவை எழுந்திருக்கவில்லை. ஆபீசில் இதையும் கவனிக்காமல் இல்லை. கல்லேறி விண்ணப்பதாரர்களின் தாய்மார்களால் வளாகம் அசுத்தமாவதால் அவர்கள் காம்பவுண்டுக்கு வெளியே சாலைக்கு அந்தப்பக்கம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு பலகை எழுதி வைத்தார்கள்.

இதற்கிடையில் செம்பாறைச் சந்தையில் கறி வெட்டிக்கொண்டிருந்த மாணிக்கம் தொழிலை மாற்றிக்கொண்டான். பணம் உள்ள வீட்டுப் பிள்ளைகளை மரத்துப்போகும் ஊசி போட்டுப் படுக்கவைத்து, தோளில் முன்னால் சின்னதாக, பின்னால் பெரியதாக இரண்டு துளை எடுத்து, பஞ்சு வைத்து அடைத்து அனுப்பினான். ஆபீசில் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் பஞ்சை உருவினால் போதும். அந்த நேரத்தில் அதிகாரி நிமிர்ந்து மின்விசிறியைப் பார்ப்பார். முதலில் சிலருக்காகப் பார்த்தார், பிறகு கூட்டத்தில் எல்லோருக்குமே பார்க்கிற பழக்கமாகிவிட்டது. எஸ்டேட் முதலாளி மகன், மில் ஓனர் மருமகன் என்று கல்லேறிகளின் எண்ணிக்கை பெருகி, தேனீயைக் கண்டால் அலறி ஓடுகிற கல்லேறிகள் டாக்டருக்குப் படிக்கப் போனார்கள்.

மேகலா முதல்முறை கையெழுத்துப் போடப் போன அன்று வெள்ளச்சி சாலைக்கு அந்தப்பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் சுருளியாண்டி செத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கு இந்த உலகத்தில் மிச்சம் மேகலா மட்டும்தான். வருகிற காயம் எது என்றும் அவளுக்குத் தெரியும். அவளுடைய அப்பன் கருவண்டன் பாறையில் கயிற்றில் தொங்கியபடி தேனடை அறுத்துக்கொண்டிருந்தபோது, காட்டுக்காவலர்கள் கீழேயிருந்து சுட்டார்கள். ரவை இடது தோளில் புகுந்து முதுகில் வெளியேறியது. ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்து மேலேறி வந்து, தீப்பந்தம் பிடித்துக்கொண்டு நின்ற சின்னப்பிள்ளை வெள்ளச்சியின் மடியில் தலை வைத்து, விடிவதற்குள் செத்துப்போனார்.

வெடிச்சத்தம் அவளுக்கு மட்டும்தான் கேட்டது. தேன்புகை வாசனை அடித்தது. பெஞ்சிலிருந்து அவள் பின்பக்கமாகச் சாய்ந்தபோது அவளுக்குப் பின்னால் இருந்த சுவரில் ரத்தம் விசிறி அடித்திருந்தது. டீக்கடைக்காரர் கிளாசை வைத்துவிட்டு, "இன்னைக்கு இது ரெண்டாவது" என்று சொல்லித் துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

உள்ளே தணிகாசலம் மேகலாவின் கையைத் திருப்பிப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், பெண் ஊழியரை விட்டு முதுகையும் பார்க்கச் சொன்னார்.

"காயம் எங்க?"

"வரல சார்."

"அப்ப நீ கல்லேறி இல்ல."

"எங்கம்மாவுக்கு வந்திருக்கும் சார். ரோட்டுக்கு அங்கிட்டுத்தான் இருக்காங்க. வந்து பாருங்க சார், ஒரு நிமிஷம்."

"விண்ணப்பம் யார் போட்டது? நீயா, உங்கம்மாவா?"

"நான்தான் சார்."

"அப்புறம் என்ன? ரூல்ல தெளிவா இருக்கு, விண்ணப்பதாரர் உடம்புல. உங்க அம்மா கல்லேறியா இருக்கலாம்மா, நான் இல்லேன்னு சொல்லல. நீ கல்லேறின்னு எப்படி நம்புறது?"

அரசு ஆஸ்பத்திரியில் அதற்குள் காய வரிசை என்று தனியாக ஒன்று ஏற்படுத்தியிருந்தார்கள். வெள்ளச்சியின் தோளைத் தைத்த டாக்டரம்மா எப்படி வந்தது என்று கேட்கவில்லை. "இன்னொரு தடவ இப்படி வந்தீங்கன்னா உங்க உடம்புல ரத்தம் மிச்சம் இருக்காது. சொல்லிட்டேன்" என்றார். வெள்ளச்சி சரி தாயி என்று தலையாட்டினாள்.

கல்லூரியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை கெடு கொடுத்திருந்தார்கள். காகிதம் வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆள் யார் என்பதும் தெரிந்தே இருந்தது, மில் ஓனரின் தங்கச்சி மகள்.

வியாழக்கிழமை காலை மேகலா அடுப்படியில் அம்மாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் கயித்த அவுத்து எறிம்மா. எனக்கு வர்றது எனக்கே வரட்டும்."

"வாய மூடு."

"எத்தன பேரு பொழச்சிருக்காங்க? நீ பொழைக்கல?"

"எங்கப்பன் எம்புட்டு ஒடம்பு வச்சிருந்தவரு தெரியுமா? பாறைக்குப் பாறை தாவுன மனுசன். அவரே விடியுமுன்ன போயிட்டாரு. நீ எலும்பும் தோலுமா இருக்க. பொழச்சுருவேன்னு எந்தச் சாமி வந்து எழுதிக் குடுத்துச்சு?"

"அப்ப வேணாம்மா. படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம். நானும் உன்கூடச் சித்தாளு வேலைக்கு வாறேன்."

சொல்லிவிட்டு மேகலா அழாமல் உட்கார்ந்திருந்தாள். அதுதான் வெள்ளச்சியால் தாங்க முடியவில்லை. அழுதிருந்தால் இரண்டு அதட்டல் போட்டிருப்பாள். தலையைக் குனிந்து, ஒரு தீர்மானத்துக்கு வந்தவள் மாதிரி, சுள்ளியை ஒடித்து ஒடித்து அடுப்புக்குள் வைத்துக்கொண்டிருந்த மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பாறையில் எத்தனை பேர் எத்தனை பொய்யை உடம்பில் துளை போட்டு உள்ளே கொண்டுபோகிறார்கள், பெற்ற பிள்ளையின் நிஜத்தை உள்ளே அனுப்ப எனக்கு ஒரு பொய் கிடைக்காதா என்று நினைத்தாள். மதியம் ஓடைப்பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்து சொன்னாள்:

"கயித்த அவுத்து ஓடையில விட்டுட்டேன்."

"நெசமாவா?"

"ஆமா. எங்கப்பன் மேல பாஞ்சது ஒரே ரவ. அது எம்மேல வந்து தீந்துபோச்சு. இனிமே ஒனக்கும் வராது, எனக்கும் வராது. ஆனா அந்தாளுக்கு காயம் வேணும்ல? அத நாம வச்சுக்குருவோம். மாணிக்கம் பய வைக்கிறான், நான் வைக்கக் கூடாதா? தேனட அறுத்த கை."

முன்னோர் ஒருவர் பட்ட ஒரே அடிக்கு மாடத்தியின் மண்டை மூன்று தடவை உடைந்தது மேகலாவுக்கும் தெரியும். ஆனாலும் பதினெட்டு வயது, வெள்ளை உடுப்புப் போட்டு நடக்க வேண்டும் என்று ஆசை, நம்ப வேண்டும் என்று இருந்ததால் நம்பினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வெள்ளச்சி தேனடை அறுக்கிற கத்தியை அடுப்பில் காட்டி, சாராயம் ஊற்றித் துடைத்தாள். மரத்துப்போகும் ஊசி இல்லை. மேகலாவின் வாயில் துண்டைத் திணித்து, சுவர்ப் பக்கமாக உட்காரவைத்து, தன் கட்டுப் போட்ட இடது தோளை ஒருமுறை தடவி அளவு பார்த்துக்கொண்டாள். பிறகு மகளின் இடது தோளில் எலும்புக்கு மேலே, நரம்பில்லாத இடமாகப் பார்த்துக் கத்திமுனையை வைத்தாள். பிறந்ததிலிருந்து அவள்மேல் ஒரு முள் குத்தாமல் வளர்த்த கை. அந்தக் கை நடுங்கவில்லை, நடுங்கினால் ஆழமாகப் போய்விடும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. கத்தியைச் சுழற்றி ஒரு சின்ன வட்டமாகத் தோலையும் கொஞ்சம் சதையையும் எடுத்தபோது மேகலா துண்டைக் கடித்தபடி கால்களால் தரையை உதைத்தாள். மண் பெயர்ந்து வந்தது. "ஆச்சு தாயி, ஆச்சு, இன்னும் ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே முதுகுப்பக்கம் திருப்பி, ரவை வெளியேறுகிற இடத்தில் பெரியதாக, ஓரம் கிழிந்த மாதிரி இன்னொன்று எடுத்தாள். மேகலாவுக்குக் கண் செருகியது. வெள்ளச்சி அவளைக் கட்டிக்கொண்டு, வாய்விட்டு, தெய்வத்தையும் கவர்மெண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தித் திட்டித் தீர்த்தாள். பிறகு பஞ்சு வைத்து அடைத்தாள், மேலே துப்பட்டாவைப் போட்டாள், சோறு ஊட்டினாள்.

கயிறு அவள் இடுப்பிலேயே இருந்தது.

செம்பாறையில் இறங்கியதும் மேகலாவைக் காம்பவுண்டுக்குள் அனுப்பிவிட்டு, சாலையைக் கடந்து வந்து அதே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்றைக்கென்று கருஞ்சிவப்புச் சேலை கட்டியிருந்தாள். ரவிக்கைக்கு உள்ளே பழைய வேட்டியைக் கிழித்துத் தோளோடு நெஞ்சைச் சுற்றி மூச்சு முட்ட இறுக்கியிருந்தாள். இந்தத் தடவை சாய்ந்து விழக் கூடாது என்று பெஞ்சை விட்டு எழுந்து பக்கத்துப் புங்கமரத்தடியில் உட்கார்ந்து, முதுகை மரத்தோடு அழுத்தி, வேரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். டீக்கடைக்காரர் அவளை அடையாளம் கண்டு, "என்னக்கா, மறுபடியுமா?" என்றார்.

"இல்லண்ணே. சும்மா துணைக்கு வந்தேன். ஒரு டீ குடுங்க."

டீ வருவதற்குள் சத்தம் வந்தது.

தேன்புகை கண்ணை மறைத்தது. பாறை தெரிந்தது, கயிறு தெரிந்தது, கயிற்றில் அவள் அப்பன் உடம்பு ஒரு உதறு உதறியது. ரவை ஆறாத பழைய துளையிலேயே புகுந்து, தையலைப் பிய்த்துக்கொண்டு வெளியேறி மரத்தில் இறங்கியது. புங்க இலைகள் கொட்டின. அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்ததில் கடைவாய்ப்பல் ஒன்று நொறுங்கியது, அதை விழுங்கிவிட்டாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, டீயை வாங்கித் தரையில் வைத்தாள்.

உள்ளே தணிகாசலம் மின்விசிறியைப் பார்த்துவிட்டுக் குனிந்தபோது மேகலாவின் தோளில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. இரும்பு அளவுகோலை முன்துளையில் வைத்தார், பின்துளையில் வைத்தார், சுவரில் இருந்த படத்தோடு ஒப்பிட்டார். இத்தனை கச்சிதமாகப் பொருந்திய காயத்தை அவர் பார்த்ததே இல்லை. "இத மொதல்லயே காட்டியிருந்தா ரெண்டு தடவ அலைய வேண்டாமே" என்று செல்லமாகக் கடிந்துகொண்டு சீல் வைத்தார்.

மேகலா சாலையைக் கடந்து ஓடிவந்தாள். தோள் வலியில் முகம் கோணியிருந்தது, ஆனால் சிரித்தாள்.

"குடுத்துட்டாங்கம்மா!"

"படி."

"பஸ்ஸுல போயிப் படிக்கலாம்மா."

"இங்கன படி. நான் கேக்கணும்."

"சுருளியாண்டி மகள் மேகலா… கல்லேறி என்னும் இனத்தைச் சேர்ந்தவர் எனச் சான்றளிக்கப்படுகிறது."

"இன்னொருக்கா படி."

மேகலா இன்னொரு தடவை படித்தாள். மதுரை பஸ் நிறுத்தத்தில் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"ஏம்மா வேர்த்து ஊத்துது? வா, ஏறு."

"நான் வரல. நெத்தியில வெயிலு ஏறிருச்சு, கொஞ்ச நேரம் நெழல்ல இருந்துட்டு வீட்டுக்குப் போறேன். நீ ஓடு. அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும்."

"தனியாவா?"

"பின்ன? ஊசி போடவும் நான் கூட வரணுமா? போடீ, பஸ்ஸு போயிரும்."

மேகலா இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்தாள். வெள்ளச்சி வேரிலிருந்து வலது கையை மட்டும் எடுத்து, போ போ என்று விரட்டினாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து மகள் காகிதத்தை ஆட்டிக் காட்டியது தெரிந்தது. பஸ் நகர்ந்தது. அதற்குப் பிறகுதான் அவள் பிடியை விட்டாள்.

மரத்தடியில் ரத்தம் டீ கிளாசைத் தொட்டபோது டீக்கடைக்காரர் ஆபீசைப் பார்த்துக் கத்தினார். உதவியாளர் ராயப்பன் பதிவேட்டோடு ஓடிவந்தான். ஆபீசைச் சுற்றி யார் காயம்பட்டாலும் பெயர், வயது, இனம் எழுதி வைக்க வேண்டும் என்பது புது உத்தரவு. அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். நல்ல பையன், ஒரு கையால் அவள் தலையைத் தாங்கிக்கொண்டான்.

"அம்மா, பேரு சொல்லுங்க."

"வெள்ளச்சி."

"எந்த ஆளுக நீங்க?"

"கல்லேறி."

"காகிதம் இருக்காம்மா? காகிதம் இல்லாம அப்படி எழுத முடியாதும்மா."

அவளிடம் ஒருநாளும் காகிதம் இருந்ததில்லை. தூரத்து வளைவில் திரும்பிக்கொண்டிருந்த மதுரை பஸ்ஸை விரலால் காட்டினாள்.

"அந்தா போகுது பாரு. அதுல எழுதியிருக்கு."

ராயப்பன் பஸ்ஸைப் பார்த்தான்.

"அதுல அப்பா பேருதானம்மா போட்டிருப்பாங்க" என்றான்.

பஸ்ஸைக் காட்டிய விரல் மடங்கித் தரையில் விழுந்தது. அவன் அவள் மூக்கருகே கை வைத்துப் பார்த்தான். பிறகு அவள் தலையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, இனம் என்ற கட்டத்தில் விசாரணையில் உள்ளது என்று எழுதினான்.